மாமா சொன்னார்

ஜனவரி 6

அன்புள்ள பூசணத்துக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆராய்ச்சிக்கூடத்துக் குளிர் அறையில் நீயும் சேர்ந்து விறைத்துக்கொண்டிருக்கிறாயா?

பட்டப்பெயரைப் பார்த்து முறைக்காதே. ரொட்டியில் பூசணம் பிடித்தால் மற்றவர்கள் தூக்கி எறிவார்கள். நீ அதைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்துச் சம்பளம் வாங்குகிறாய். வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

விஷயத்துக்கு வருகிறேன். ரோஜாப் பசுமைக்குடிலில் சிலந்திப்பேன் புகுந்துவிட்டது. இலையைத் திருப்பினால் அடியில் மிளகாய்ப்பொடி தூவினாற்போல இருக்கிறது, உற்றுப் பார்த்தால் அந்தப் பொடி நகர்கிறது. சாற்றை உறிஞ்சி இலையை வெளுக்க வைத்துவிடுகின்றன. கொழுந்துகளுக்கு நடுவே நூலாம்படை வேறு. கடைக்காரர் கொடுத்த மருந்தையெல்லாம் மாற்றி மாற்றி அடித்தாயிற்று. குளித்து முழுகி வந்ததுபோல இன்னும் சுறுசுறுப்பாக ஓடுகின்றன, சனியன்கள்.

இடத்துக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். "இந்தத் தடவையும் பூ தேறலைன்னா குடிலை வேற ஆளுக்கு விட்டுடுவேன்மா, தப்பா நினைக்காதீங்க" என்றார். குடில் போனால் அதை ஒட்டிய வீடும் போகும். எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

பேன்களைக் கொல்லும் பூஞ்சை ஒன்றை வளர்ப்பதாகச் சொன்னாயே, அதில் கொஞ்சம் அனுப்பு. போன் வேண்டாம். குடிலுக்குள் கேட்பதே இல்லை, வீட்டிலும் விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. எப்படி அடிப்பது என்று விவரமாக எழுதிவிடு.

உன் நலம் கேட்கும்,
அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் நலம் என்றறிந்து சந்தோஷம். பூசணம் என்று உறைமேல் எழுதாமல் விட்டாயே, அந்த மட்டும் புண்ணியம்.

பெட்டிக்குள் ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பை இருக்கும். அதிலுள்ள தூள் முழுவதும் பூஞ்சையின் வித்துகள். பேனின் தோலில் ஒட்டி, முளைத்து, உள்ளே இறங்கி, அங்கேயே வளரும். ஒரு வாரம் போல ஆகும். ரசாயன மருந்து மாதிரி அடித்த மறுநாளே விழும் என்று பார்க்காதே. இது உயிருள்ள சரக்கு, அதற்கு அதன் பாட்டில் நேரம் வேண்டும்.

வெயில் பட்டால் வித்து செத்துவிடும், அதனால் பொழுது சாய்ந்தபின் அடிக்க வேண்டும். இலையின் அடிப்பக்கம் நன்றாக நனைய வேண்டும். அடித்தபின் குடிலின் காற்றுத் திறப்புகளைக் காலைவரை மூடிவை, ஈரம் தங்கினால்தான் முளைக்கும்.

இனி இது மாமாவுக்கு. மூன்று வருடத்துக்கு முன் நான் வந்தபோது, குடிலின் நடுவே வரிசையாகச் சின்ன மின்சாரக் கிண்ணங்கள் தொங்கின. சாம்பல் நோய் வராமலிருக்கக் கந்தகத்தைச் சூடாக்கிப் புகையவிடுவதாக மாமா சொன்னார். அது இன்னும் நடக்கிறதா? கந்தகம் எந்தப் பூஞ்சையையும் விட்டுவைக்காது, என்னுடையதையும் சேர்த்துத்தான். மாமாவிடம் கேட்டுவிட்டு அடி. இது முக்கியம்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சுகம். பெட்டி ஐஸ் உருகாமல் வந்து சேர்ந்தது. தபால்காரர் "உள்ள என்ன, மீனாம்மா?" என்று கேட்டார். "பூசணம்" என்றேன். மனுஷர் இரண்டடி தள்ளி நின்றுதான் கையெழுத்து வாங்கினார்.

கந்தகம் பற்றிக் கேட்டிருந்தாய். மாமா சொன்னார், அதெல்லாம் பழைய கதை, நிறுத்தி ரொம்ப நாளாயிற்றாம். அதனால் தைரியமாக அடித்துவிட்டேன். சாயங்காலம் தொடங்கி இருட்டும்வரை. தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு செடிக்கும் குனிந்து, கீழேயிருந்து மேலே. தோள்பட்டை வார் பதிந்த இடம் இரண்டு நாளாகச் சிவந்து கிடக்கிறது. ஆனால் ஓர் இலை விடவில்லை. திறப்புகளையும் மூடிவிட்டேன்.

உன் பூஞ்சைக்கு ஒரு வாசனையும் இல்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது. மருந்தடித்தால் வீட்டுக்குள் வந்து சோற்றில்கூட அந்த நாற்றம் அடிக்கும்.

ஒரு வாரம் என்றாய். காத்திருக்கிறேன். நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ ஏன் தெளிப்பானைச் சுமக்கிறாய்? நீர் நிறைந்தால் அது என்ன கனம் கனக்கும் என்று எனக்குத் தெரியாதா? மாமா என்ன, பூ பார்த்துக்கொண்டு நின்றாரா? நான் கேட்டதாகவே சொல். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பேன்கள் என்ன ஆயின? உருப்பெருக்கியால் பார். செத்த பேன் முதலில் மங்கலாகும், ஈரம் இருந்தால் அதன்மேல் வெள்ளையாகப் பஞ்சு பூக்கும். அதைப் பார்த்தால் எனக்கு உடனே எழுது.

இங்கே எல்லாம் வழக்கம்போல. அறைக்கு வந்தால் பேச ஆளில்லை. பக்கத்து அறைக்காரர் இரவு வேலை, அவர் கதவைப் பூட்டும் சத்தமும் நான் கதவைத் திறக்கும் சத்தமும்தான் எங்களுக்குள் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை உனக்கு மூன்று முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை. கடைசியில் குளிர் அறைக்குப் போய்க் குப்பிகளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். சிரிக்காதே.

அன்புடன்,
தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பதில் தாமதமாகிவிட்டது, திட்டாதே.

பஞ்சும் பூக்கவில்லை, ஒன்றும் பூக்கவில்லை. தினமும் காலையில் உருப்பெருக்கியும் கையுமாக நிற்கிறேன். அவை பாட்டுக்கு ஓடுகின்றன. முட்டைகள் வேறு, கண்ணாடி மணிபோல. ஓரத்து வரிசைகளில் மொட்டு விரியாமலே கருகுகிறது. பூ வண்டிக்காரர் நேற்று என் கட்டுகளில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாமா கூரைக்கான பிளாஸ்டிக் ஷீட் பார்க்க வெளியூர் போயிருக்கிறார். வந்ததும் நீ கேட்டதைச் சொல்கிறேன்.

இடத்துக்காரர் மே கடைசிவரை பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷர்தான், எதையும் தோண்டித் துருவ மாட்டார். மோட்டார் பார்க்கும் ஆள்தான் வாராவாரம் வந்து பம்பையும் குழாய்களையும் பார்த்துவிட்டுப் போகிறார். ஜனவரியில் ஒருமுறை "சார் எங்கம்மா, ஆளையே காணோம்?" என்று கேட்டார். அதிலிருந்து அவர் சைக்கிள் மணி கேட்டால் நான் வீட்டுக்குள் போய்விடுவேன். இப்போதெல்லாம் ஆட்களோடு வாயாடப் பொறுமையில்லை, வயதாகிறது போலும்.

உன் பூஞ்சைக்கு என்னைப் பிடிக்கவில்லையோ?

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் மேடத்திடம் போனேன். "உன் பூஞ்சைக்கு வீரியம் போதாது, சோதனைக் குழாயில் புலி, தோட்டத்தில் எலி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். எனக்கு முகம் செத்துவிட்டது. இங்கே நான் அடித்த ஒரு செடியில்கூட அது தோற்றதில்லை அக்கா.

இரண்டு மடங்கு அனுப்பியிருக்கிறேன். தண்ணீரில் கலக்கும் முன் தெளிப்பானை நன்றாக அலசு, பழைய மருந்து மிச்சமிருந்தாலும் வம்பு. அடித்து ஒரு வாரம் கழித்துப் பேன் இருக்கும் இலைகளாகப் பத்துப் பன்னிரண்டு பறித்து, காகிதத்தில் சுற்றி அனுப்பு. நானே பார்க்கிறேன்.

மாமா வந்துவிட்டாரா? அவரை எனக்கு இரண்டு வரி எழுதச் சொல். குடிலில் நடப்பது அவருக்குத்தானே முழுதாகத் தெரியும்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

சுகம். மறுபடியும் அடித்தேன். இலைகள் இத்துடன். மாமாவுக்கு எழுதும் பழக்கமே கிடையாது என்று உனக்குத் தெரியாதா? தெளிப்பானை அலசித்தான் கலந்தோம் என்று சொல்லச் சொன்னார். உன்னை விசாரித்ததாகவும் சொல்லச் சொன்னார்.

நடுவரிசையும் வெளுக்கத் தொடங்கிவிட்டது. வேறென்ன எழுத.

அக்கா


ஏப்ரல் 13

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். தங்கள் நலம் அறிய ஆவல். இதுவரை தங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதியதில்லை. எழுத வைத்துவிட்டீர்கள்.

அக்கா அனுப்பிய இலைகளை நுண்ணோக்கியில் பார்த்தேன். பூஞ்சை வித்துகள் பேன்களின் முதுகில் சரியாக ஒட்டியிருக்கின்றன. ஒன்றுகூட முளைக்கவில்லை. காரணம் தேட வேண்டியதே இல்லை, இலை முழுக்க மஞ்சள் பொடி படிந்திருக்கிறது. கந்தகம். அதுவும் பழையது இல்லை, நேற்றுப் படிந்ததுபோல இருக்கிறது.

நிறுத்தி ரொம்ப நாளாயிற்று என்று சொன்னீர்களாம். அக்கா உங்கள் பேச்சை நம்பி, தோள் வீங்கத் தெளிப்பானைச் சுமந்து, ஒவ்வொரு இலையாக அடித்திருக்கிறாள். நீங்கள் கந்தகத்தை மூட்டி அத்தனையையும் கொன்றிருக்கிறீர்கள். என் வேலையில் நம்பிக்கை இல்லையென்றால் நேரே சொல்லியிருக்கலாமே? என்னை விடுங்கள். குடில் கைவிட்டுப் போனால் அவள் எங்கே போவாள் என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா?

வயதில் சிறியவன், வார்த்தை தடித்திருந்தால் மன்னியுங்கள். ஆனால் இதற்குப் பதில் தங்கள் கையெழுத்தில்தான் வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்


ஏப்ரல் 22

தம்பி,

மாமாவுக்கு வந்த கடிதத்தை நான் பிரித்தேன். பிரிக்க வேறு ஆள் இல்லை.

அவர் டிசம்பரிலேயே போய்விட்டார். ஒரு நாள் காலையில் பையோடு வாசலில் நின்று, "இந்தப் பூவும் பேனும் எனக்குப் போதும், நீ எப்படியோ பாத்துக்க" என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வந்தால் ஆள் இல்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஒரு சண்டையாவது போட்டிருந்தால் அதைச் சொல்லி ஆறுதலாவது அடைந்திருப்பேன். எங்கே இருக்கிறார், யாரோடு இருக்கிறார் என்றெல்லாம் எனக்குத் தெரியும். கூப்பிடப் போவதில்லை. அவரும் வரப் போவதில்லை.

"மாமா சொன்னார்" என்று நான் எழுதியதெல்லாம் நான் சொன்னது. கந்தகத்தை அவர்தான் கவனித்துக்கொள்வார், நான் பூ வெட்டுவது, கட்டுவதோடு சரி. அவர் போனதோடு அதுவும் நின்றிருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். குடிலுக்குள் வாடை அடித்தது, ஆனால் இத்தனை வருடமாக அடிக்கிற வாடைதானே, மூக்குக்கு உறைக்கவில்லை. இலையில் படிந்த மஞ்சளையும் வெறும் தூசி என்றுதான் நினைத்தேன்.

உன் கடிதத்தைப் படித்தபின் சமையலறை ஜன்னல் வழியே கவனித்தேன். மோட்டார்காரர் வந்தார். பம்பைப் பார்த்தார். பிறகு கொட்டகையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு குடிலுக்குள் போய், கிண்ணம் கிண்ணமாகக் கந்தகத்தை நிரப்பினார். மாமா எப்போதோ அவரிடம் ஒப்படைத்த வேலை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர் பாட்டுக்குச் செய்துகொண்டே இருந்திருக்கிறார். இரவானால் தானாக மூட்டிவிட டைமர் பெட்டி ஒன்று பம்பு அறைச் சுவரில் இருக்கிறது. அவர் போனபின் போய் அதை அணைத்தேன்.

அவர் "சார் எங்கே" என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து நான் உள்ளே ஒளிந்த ஒவ்வொரு வாரமும் வெளியே இது நடந்திருக்கிறது. உன் பூஞ்சையைக் கொன்றது நான்தான். உன் மேடத்திடம் சொல்லிவிடு, அது எலி இல்லை.

போனில் பேசினால் "மாமாகிட்ட குடு" என்பாய். அதற்குப் பயந்துதான் எழுது எழுது என்றேன். தனியாக இருப்பதுகூடப் பழகிவிட்டது, தம்பி. தனியாக இருக்கிறேன் என்று வாயால் சொல்வதுதான் முடியவில்லை.

பாவம் பார்த்து விழுந்தடித்துக்கொண்டு வராதே. வந்தால் நான் உடைந்துவிடுவேன்.

அக்கா


மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன், அதனால்தான் தாமதம். நீ என்னென்ன நினைத்துக்கொண்டிருந்தாயோ.

மாமாவுக்கு என்று எழுதியதை நீ தனி ஆளாக உட்கார்ந்து படித்திருக்கிறாய் என்று நினைத்தால் கூசுகிறது. உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். மாமா அதைச் சொன்னார், இதைச் சொன்னார், என்னை விசாரித்தார். உண்மையான மாமா என்னை ஒருநாளும் விசாரித்ததில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாரோ ஒருவர் விசாரிக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது, அதுதான் உண்மை.

வராதே என்றாய். வரவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்காகத்தான் வரவில்லை என்று தெரிந்துகொள்.

மேடத்திடம் சொன்னேன். "அப்படியா" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை. புது வித்துகள் அனுப்பியிருக்கிறேன். முதலில் வெறும் தண்ணீரால் இலைகளை நன்றாகக் கழுவு. இரண்டு நாள் விட்டு அடி. சாம்பல் நோய் எங்காவது தலைகாட்டினால் அந்த இலையைக் கிள்ளி அப்புறப்படுத்து, கந்தகத்துக்குப் போகாதே.

கடைசியாக ஒன்று. டைமரை அணைத்தது போதாது. மோட்டார்காரர் அதைப் பார்த்தால், பழுதாகிவிட்டது போல என்று சரிசெய்துவிட்டுப் போவார், அதுதானே அவர் தொழில். நீ வீட்டைவிட்டு வெளியே வந்து, இனிமேல் வேண்டாம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அதை இங்கிருந்து நான் செய்ய முடியாது.

உன் தோளைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீ இந்த முறை உன் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, கவனித்தேன்.

நல்ல சேதி முதலில். உன் சரக்கு பிடித்துவிட்டது! அடித்து ஒரு வாரம் போல இருக்கும், காலையில் இலையைத் திருப்பிப் பார்க்கிறேன், பேன்கள் ஓடவில்லை. நின்ற இடத்தில் நிற்கின்றன. உருப்பெருக்கியை வைத்தால் ஒவ்வொன்றின்மேலும் வெள்ளையாக, நீ சொன்ன அதே பஞ்சு. அடுத்த இலை, அடுத்த செடி, எங்கே பார்த்தாலும் அதுதான். "இங்க வந்து பாருங்களேன்" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேவிட்டேன். கூப்பிட்டபின்தான் உறைத்தது. பிறகு நானே மறுபடி பார்த்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஓரத்து வரிசைகளை வெட்டிவிட வேண்டியதாகிவிட்டது. ஆனால் நடுவில் செந்நிறத்தில் புதுத்துளிர் வந்திருக்கிறது, சுத்தமாக. மே கடைசியில் இடத்துக்காரர் வந்து குனிந்து குனிந்து பார்த்தார். "இன்னும் ஒரு வருஷம் பாருங்கம்மா" என்றார். ஒப்பந்தத்தை என் பேருக்கே எழுதச் சொன்னேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, சரி என்று தலையாட்டினார். அதன் காரணம் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, கீழே எழுதுகிறேன்.

மோட்டார்காரர் கதைக்கு வருகிறேன். அடிப்பதற்கு முன்னாலேயே நடந்தது. சைக்கிள் மணி கேட்டது. கால் தானாக உள்ளே போகப் பார்த்தது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே போய், "அண்ணே, இனிமே கந்தகம் வைக்க வேணாம்" என்றேன். அவர் டப்பாவைக் கீழே வைத்தார். "வந்து, சார் இப்போ…" என்று தொடங்கினேன்.

அவர் சொன்னார்: "சார் போனது தெரியும்மா. பையோட அவர் பஸ் ஏறினதை நாங்க எல்லாரும்தான் பாத்தோம். ஏதோ நாலு நாள் போயிருக்கார்னு நினைச்சுதான் அன்னிக்கு உங்ககிட்ட கேட்டேன். உங்க முகம் போன போக்கைப் பாத்ததும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். கந்தகத்தை இன்னும் நிரப்பணுமா, வேணாமான்னு உங்ககிட்ட கேக்கணும்னு ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். கேட்டா சார் பேச்சு வரும். நீங்களும் உள்ள போயிடுவீங்க. சரி, அந்தப் பிள்ளை மனசு நோக வேணாம், நாம நம்ம வேலையைச் செஞ்சுட்டுப் போவோம்னு நிரப்பிட்டுப் போயிடுவேன்."

பஸ்காரர், பூ வண்டிக்காரர், இடத்துக்காரர், பெட்டியில் மீனா என்று கேட்ட தபால்காரர், எல்லோருக்கும் தெரியுமாம், தம்பி. என் மனம் நோகக் கூடாது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களிடம் மறைப்பதாக நினைத்து நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

யோசித்துப் பார்த்தால், என் பொய்யை நம்பிய ஆள் இந்த உலகத்திலேயே ஒருவன்தான். எனக்கென்று இருக்கிற ஒருவன். அவனிடம்தான் மூன்று மாதம் சுகம் சுகம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

வராதே என்று எழுதினேன் அல்லவா, அதுவும் பொய்தான். வா.

அக்கா